சூரியப் புயல், இ.எம்.பி., நம் வீட்டுக் கரண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் வயரிங் வேலை செய்கிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மின்சாரம் பற்றிப் பேசவும் அவ்வப்போது போவதுண்டு. 2024 மே மாதம் பெரிய சூரியப் புயல் வந்ததிலிருந்து, போகிற வீட்டிலெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். சிலர் மிரண்டு போயிருக்கிறார்கள், சிலர் எல்லாம் புரளி என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் உண்மை இருக்கிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

1. சூரியப் புயல்னா என்ன அண்ணே? அங்கே காற்று ஏது?

இரண்டு வெவ்வேறு சங்கதிகளை ஒரே பெயரில் சொல்கிறோம். ஒன்று, சூரியனின் மேற்பரப்பில் நடக்கும் திடீர் வெடிப்பொளி. அதன் எக்ஸ் கதிர்கள் ஒளியின் வேகத்தில் வருவதால் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலே இங்கே இருக்கும். இன்னொன்று, மின்னூட்டம் கொண்ட வாயுவைச் சூரியன் நூறு கோடி டன் கணக்கில் காந்தப்புலத்தோடு சேர்த்து வீசுவது. அது பூமிக்கு வர வழக்கமாக இரண்டு மூன்று நாள் ஆகும். மிக வேகமானது ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடும்.

முதலாவது வானொலியைக் கெடுக்கும். இரண்டாவது பூமியின் காந்தப்புலத்தை ஆட்டி மின்கம்பிகளுக்குத் தொல்லை தரும். இனி வரும் பதில்களில் 'புயல்' என்றால் இரண்டாவதைத்தான் சொல்கிறேன்.

2. இ.எம்.பி.ன்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. இ.எம்.பி. என்றால் மின்காந்தத் துடிப்பு. பெரும்பாலும் மக்கள் கேட்பது, அணுகுண்டு வானில் மிக உயரத்தில் வெடித்தால் வரும் துடிப்பைப் பற்றி. அதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் நானோ வினாடிகளில் வந்து போய்விடும். மீட்டருக்கு 50,000 வோல்ட் வரை போகலாம் என்று கணக்கிட்டுத்தான் பாதுகாப்புக் கருவிகளை வடிவமைக்கிறார்கள். இரண்டாவது ஏறக்குறைய மின்னல் தருவதைப் போன்ற துடிப்பு. மூன்றாவது மெதுவானது, வினாடிகளிலிருந்து நிமிடங்கள் வரை நீடிக்கும்.

சூரியப் புயலால் வருவது அந்த மூன்றாவது வகை மட்டும்தான். சிறிய மின்னணுக் கருவிகளைச் சுடக்கூடிய முதல் கட்டம் சூரியனிலிருந்து வருவதே இல்லை. பாதிக் குழப்பம் இந்த ஒரு வேறுபாடு தெரியாததால்தான் வருகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல, நடந்திருக்கிறது. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டை வெடித்துப் பார்த்தது. சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹோனலூலுவில் ஏறத்தாழ 300 தெருவிளக்குகள் அணைந்தன. அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் நாடு கஜகஸ்தானுக்கு மேலே செய்த சோதனையில் 570 கிலோமீட்டர் நீளத் தொலைபேசித் தடம் ஒன்று செயலிழந்தது.

3. கம்பியை யாரும் தொடலை, இடியும் விழலை. அப்புறம் கரண்ட் எப்படி உள்ளே வருது?

1831இல் ஃபாரடே கண்டுபிடித்ததுதான். காந்தப்புலம் மாறினால் பக்கத்தில் இருக்கும் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். நம் மின்நிலையத்து ஜெனரேட்டர் ஓடுவதும் இதனால்தான். புயலின்போது பூமியின் காந்தப்புலமே மாறுகிறது. அதனால் தரையிலும், தரையோடு இணைந்த நீளக் கம்பிகளிலும் மின்னோட்டம் பிறக்கிறது.

இங்கே நீளம்தான் எல்லாம். கடும் புயலில் கனடா போன்ற வடக்கு நாடுகளில் கிலோமீட்டருக்குச் சில வோல்ட் வரை ஏறும். ஐந்து வோல்ட் என்றே வைத்துக்கொள்வோம். 300 கிலோமீட்டர் மின்தடத்தில் அது 1,500 வோல்ட். உங்கள் வீட்டில் 20 மீட்டர் வயரில்? 0.1 வோல்ட். சுவரில் இருக்கும் 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், கீழே பல கேள்விகளுக்கு இதுதான் விடை.

4. 1,500 வோல்ட்தானே சார்? டி.என்.பி. (நம்ம மின்சார நிறுவனம்) கம்பியில் ஐந்து லட்சம் வோல்ட் ஓடுதே, அதுக்கு இது ஒரு பொருட்டா?

நல்ல கேள்வி, பொறியியல் படிக்கும் பிள்ளை ஒருவர் கேட்டது. அளவு சிறியதுதான், ஆனால் வகை வேறு. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி, திசை மாறிக்கொண்டே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் அதற்கேற்பக் கட்டப்பட்டது. புயல் தருவதோ பல நிமிடம் ஒரே திசையில் போகும், ஏறக்குறைய நேர்மின்னோட்டம். அது எர்த் செய்யப்பட்ட நியூட்ரல் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஏறுகிறது. நீரில் ஊறி நிறைந்த பஞ்சு மேலும் நீரை ஏற்காத மாதிரி, இரும்பு ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதியில் காந்தத்தால் நிரம்பிவிடுகிறது. உடனே டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், உள்ளே சூடேறும், மின்னலையின் வடிவம் சிதையும், மின்கட்டமைப்பிலிருந்து (மின்நிலையங்களும் தடங்களும் சேர்ந்த வலை) வீண்திறனை, அதாவது வேலை எதுவும் செய்யாத திறனை, அதிகமாக இழுக்கும். மின்னழுத்தம் சரியும்.

1989 மார்ச் 13 அதிகாலை கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நடந்தது இதுதான். சிதைந்த அலையைக் கண்டு, மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஏழு கருவிகள் தாமாகவே அணைந்தன. ஒன்றரை நிமிடத்தில் மாநிலக் கட்டமைப்பு முழுவதும் சரிந்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. கவனியுங்கள், அங்கே இருட்டுக்குக் காரணம் எல்லாம் எரிந்துபோனது அல்ல. பாதுகாப்புக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொண்டது. ஆனால் அதே புயலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சேலம் அணுமின் நிலையத்தின் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று சூட்டில் உண்மையிலேயே பாழானது. அந்த அளவு டிரான்ஸ்ஃபார்மரைக் கடையில் போய் வாங்க முடியாது. சொல்லிச் செய்ய வேண்டும், ஓராண்டுக்கு மேல்கூட ஆகும். எனக்குக் கவலை தருவது இந்த ஒன்றுதான்.

5. என் ஹேண்ட்போன், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் எரிஞ்சு போயிடுமா?

சூரியப் புயலில் எரியாது. 3ஆம் பதிலின் கணக்கைப் பாருங்கள். போனுக்குள் இருப்பது சில சென்டிமீட்டர்க் கம்பி. கட்டமைப்பு சரிந்து மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கினால் ஃபிரிட்ஜுக்கும் ஏர்கானுக்கும் ஆகாது. அதனால் எந்தப் பெரிய மின்தடையிலும் அவற்றின் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்சாரம் வந்து சில நிமிடம் நிலைத்த பிறகு போடுங்கள்.

6. "இன்றிரவு 12:30 முதல் 3:30 வரை காஸ்மிக் கதிர் வருது, போனை ஆஃப் பண்ணி தூரமா வைங்க, சிங்கப்பூர் டிவியில் சொன்னாங்க"ன்னு சித்தி அனுப்பினாங்க. உண்மையா?

பொய். பல வருடமாக ஊர் ஊராகச் சுற்றும் செய்தி இது, தேதியே இருக்காது. காஸ்மிக் கதிர்கள் எந்நேரமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் தலைக்கு மேலுள்ள காற்று அவற்றில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பெரிய சூரியப் புயல் வந்தால் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் அந்தக் கதிர்கள் சில நாளைக்குக் குறையவே செய்கின்றன. சித்தியிடம் கோபப்படாமல் சொல்லுங்கள். பிள்ளைகள் மேலுள்ள அக்கறையில்தான் அனுப்புகிறார்கள்.

7. நாமதான் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கோமே. எல்லாம் கனடாக்காரங்க தலைவலி, நமக்கு என்ன?

பாதி சரி. வானில் வண்ண ஒளி ஆடும் துருவப் பகுதிகளில், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், புயலின்போது மிகப் பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. அதற்கு நேர் கீழே இருக்கும் நாடுகள்தான் அதிகம் அடிபடும். நம் தடங்கள் கியூபெக்கின் 1,000 கிலோமீட்டர்த் தடங்களைவிடக் குட்டையானவையும்கூட. ஆனால் 2003 அக்டோபர், நவம்பர் புயல்களுக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் சில பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் பழுதாயின. அது துருவ நாடு அல்ல.

மறுபாதியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வரைபடத்தில் இருக்கும் பூமத்திய ரேகை வேறு, காந்த நடுக்கோடு வேறு. இரண்டாவது தென்தமிழ்நாட்டின் பக்கமாக வந்து, கடலைக் கடந்து, தென் தாய்லாந்து வழியாகப் போகிறது. 1963இல் இந்தியா தன் முதல் ராக்கெட்டை ஏவ திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும், திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் இருப்பதற்கும் காரணம் அந்தக் கோடுதான். பினாங்கு அதற்கு மிக அருகில் இருக்கிறது. அந்தக் கோட்டின் மேலே, பகல் நேரத்தில் மட்டும், வானில் ஒரு குறுகிய மின்தாரை கிழக்கு நோக்கி ஓடுகிறது. புயலின் முதல் அதிர்ச்சி பகலில் வந்தால் அந்தத் தாரை அதைப் பெரிதாக்கிக் காட்டும். கனடா அளவுக்கு வராது, ஆனால் 'நமக்கு ஒன்றுமே இல்லை' என்பதும் சரியில்லை.

அப்புறம் வானொலியும் ஜி.பி.எஸ்ஸும். 1ஆம் பதிலில் சொன்ன வெடிப்பொளி, சூரியன் உச்சியில் இருக்கும் இடத்தைத்தான் அதிகம் தாக்கும். நண்பகல் மலேசியா அதற்கு நேர் கீழே. 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வைத்திருக்கும் அமெச்சூர் வானொலிக்காரர்களைக் கேளுங்கள், சிற்றலை சட்டென்று ஊமையாகிவிடுவதைச் சொல்வார்கள். ஜி.பி.எஸ்ஸுக்குச் சூரியன் மறைந்த பிறகுதான் சோதனை. நம் வட்டாரத்தின் அயனி மண்டலத்தில் (மேல்வானில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு) இரவில் பெரிய குமிழிகள் எழும். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது கூடும். செயற்கைக்கோள் குறி அப்போது நடுங்கும். வேஸ் என்ற வழிகாட்டும் செயலியைப் பார்த்து ஓட்டுபவருக்குச் சிறு தடுமாற்றம்தான். கடலில் மீன்பிடிப்பவர், நில அளவையாளர் போன்றோருக்கு அது பெரிய விஷயம்.

8. 1996ல் தீபகற்பமே இருட்டாச்சே, அப்பா இன்னும் சொல்வார். அது சூரியப் புயலா?

இல்லை. 1996 ஆகஸ்ட் 3 அன்று திரெங்கானுவின் பாக்கா மின்நிலையத்தை ஒட்டிய மின்தடத்தில் தொடங்கிய கோளாறு அது. ஒன்று விழ, அதன் சுமை அடுத்ததில் ஏற, அதுவும் விழ, கட்டமைப்பு முழுவதும் சரிந்தது. சூரியனுக்குச் சுமார் 11 ஆண்டுச் சுழற்சி உண்டு, 1996 அதன் மிக அமைதியான காலம். ஆனால் விழுந்த விதத்தைப் பாருங்கள், 4ஆம் பதிலில் சொன்ன கியூபெக்கில் நடந்ததும் இதே சங்கிலிதான்.

9. வெயில் சுள்ளுன்னு அடிக்குது, மழையே இல்லை, ஆஸ்ட்ரோ படம் நின்னு போச்சு. அதுவா இது?

மார்ச்சிலோ செப்டம்பர், அக்டோபர் வாக்கிலோ, பகலில் சில நிமிடம் மட்டும், அடுத்தடுத்த நாள்களில் ஏறக்குறைய அதே நேரத்தில் நின்றால், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது என்று பொருள். சூரியனின் இரைச்சல் உங்கள் டிஷ்ஷை நிறைத்துவிடும். புயல் இல்லை, தானே சரியாகும்.

10. சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கி மாட்டினால் தப்பிக்கலாமா?

சூரியப் புயலுக்கு அது தேவையும் இல்லை, உதவவும் உதவாது. வீட்டுக்குள் வராத ஒன்றைத் தடுக்க முடியாதே. ஆனால் இடிக்கு வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். உலகில் அதிகம் இடி இடிக்கும் இடங்களில் நம் நாடும் ஒன்று. நான் பழுது பார்த்த மோடம், ஆட்டோகேட் போர்டு, ஏர்கான் போர்டு எல்லாம் மின்னலில் போனவை. சூரியனால் போனதாக ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். டி.பி. பெட்டியில் (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டி) வைக்கும் பெரிய தடுப்பானை உரிமம் பெற்ற வயர்மேன்தான் பொருத்த வேண்டும், உங்கள் வீட்டு எர்த்திங் நன்றாக இருந்தால்தான் அது வேலை செய்யும். பழைய தாமான் வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்துத் தொடர்பே இல்லாமல் இருப்பதைப் பார்க்கிறேன். இரண்டாவது, நீட்டிப்பு வயரில் வரும் சிறிய தடுப்பான் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும். அதன் விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் பிளக் பாயிண்ட்தான்.

இடி இடிக்கும்போது ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆனால் அதைத் திட்டாதீர்கள், டேப் ஒட்டி நிறுத்தியும் வைக்காதீர்கள். உயிரைக் காப்பது அதுதான். மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

11. முறுக்கு டின்னுக்குள்ள போனை வச்சு மூடினா இ.எம்.பி. தாக்காதாமே?

சூரியப் புயலுக்கு இது வேண்டியதில்லை. அணுகுண்டுத் துடிப்பின் முதல் கட்டத்துக்கு, நாலாபுறமும் மூடிய உலோகப் பெட்டி உண்மையிலேயே உதவும். மூடி இடைவெளியின்றி உலோகத்தோடு உலோகம் பொருந்த வேண்டும். உள்ளே அட்டை வைத்து, பொருள் டின்னைத் தொடாதபடி செய்ய வேண்டும். மைக்ரோவேவ் அடுப்புக்குள் போனை வைத்து அழைத்தால் மணி அடிக்கிறதா என்று சோதிப்பது பயனற்றது. அலைவரிசையும் வேறு, கசிவின் அளவும் வேறு. ஆனால் கோபுரம், கட்டமைப்பு எல்லாம் போன பிறகு டின்னில் தப்பிய போனால் யாரை அழைப்பது என்பதையும் யோசியுங்கள்.

12. எங்க கூரையில் சோலார் போட்டிருக்கோம். ஊருக்கே கரண்ட் போனாலும் எங்களுக்கு இருக்கும்தானே?

பெரும்பாலான வீடுகளில் இருக்காது. கட்டமைப்போடு இணைந்த இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் போனதும் தானும் அணைந்துவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியர் உங்கள் கூரை மின்சாரத்தில் அடிபடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பேட்டரியும், கட்டமைப்பிலிருந்து பிரிந்து தனியாக ஓடக்கூடிய இன்வெர்ட்டரும் இருந்தால்தான் இருட்டிலும் விளக்கு எரியும். சூரியப் புயல் பலகைகளைக் கெடுக்காது.

13. பினாங்கு பாலத்து நடுவில் போகும்போது இ.எம்.பி. வந்தா கார் நின்னுடுமா?

சூரியப் புயலில் காருக்கு ஒன்றும் ஆகாது. அணுகுண்டுத் துடிப்புக்கு அமெரிக்காவில் அரசு நியமித்த ஆணையம் ஒன்று 1986 முதல் 2002 வரையிலான 37 கார்களைச் சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்தது. ஓடிக்கொண்டிருந்தவற்றில் மூன்று மட்டும், அதுவும் துடிப்பு மிகக் கடுமையானபோது, நின்றன. எஞ்சின் அணைத்திருந்தவற்றுக்கு எதுவும் ஆகவில்லை. இன்றைய கார்களில் மின்னணுப் பாகம் கூடுதல் என்பதையும் சேர்த்து நினையுங்கள். சாலை விளக்குகள் அணைவதுதான் அன்றைக்குப் பெரிய ஆபத்தாக இருக்கும்.

14. அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் வச்சிருக்கு. காந்தப் புயல்னா பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம். இங்கே பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. கடும் புயல் அதைச் சில நூறு அளவுக்கு மாற்றும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தின் அருகே இருப்பது லட்சக்கணக்கில். அம்மா ஃபிரிட்ஜைத் திறக்கிறார் என்றால் புயலையும் தாங்குவார்.

15. கடலுக்கடியில் கேபிள் அறுந்து இன்டர்நெட் மாசக்கணக்கில் போயிடுமாமே?

அறுந்துபோகாது, ஆனால் அக்கறை நியாயமானது. கண்ணாடி இழையில் ஓடும் ஒளிக்குப் புயல் ஒன்றும் செய்யாது. ஆனால் பல பத்து கிலோமீட்டருக்கு ஒரு முறை ஒளியை வலுப்படுத்தும் கருவி உண்டு, அதற்கு மின்சாரம் அதே கேபிளின் செம்பு வழியாகப் போகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செம்பு! 3ஆம் பதிலின் கணக்கு இங்கே பெரிதாகிவிடும். 1989 புயலில் அட்லாண்டிக் கேபிள் ஒன்றில் சுமார் 700 வோல்ட் கூடுதலாக ஏறியது. ஊட்டும் கருவிகள் அதைத் தாங்கின.

பினாங்குக்காரர்களுக்கு இது வீட்டு விஷயம். 1870இல் சென்னையிலிருந்து தந்திக் கேபிள் வந்தது இங்கேதான். அதற்குப் பிறகு ஓராண்டு சொச்சத்தில், 1872 பிப்ரவரி 4 அன்று வந்த புயலில் பம்பாய் வானத்திலேயே துருவ ஒளி தெரிந்தது, பம்பாய்–ஏடன் கேபிளில் மணிக்கணக்கில் தந்தி தடைபட்டது. இன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீஷியஸ், கொச்சி வழியாக வரும் 'சேஃப்' என்ற இணையக் கேபிளும் பினாங்கில்தான் கரையேறுகிறது. நம் பக்கத்துக் கேபிள்கள் துருவத்தை ஒட்டிப் போகாததால் அட்லாண்டிக்கைவிட நிலைமை நல்லது.

16. யாராவது நம்ம ஊருக்கு மேலே அந்தக் குண்டைப் போட்டுட்டா?

400 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தால் சுற்றிலும் சுமார் 2,200 கிலோமீட்டர் ஆரத்துக்குள், குண்டிலிருந்து நேர்கோட்டில் தெரியும் இடமெல்லாம் துடிப்பு போகும். மலேசியா மட்டுமல்ல, அண்டை நாடுகளும் உள்ளே வந்துவிடும். அப்படிப்பட்ட சோதனைகளை 1963 ஒப்பந்தம் தடை செய்தது. தென்கிழக்காசியா அணு ஆயுதமற்ற வட்டாரம் என்று 1995இல் பேங்காக்கில் கையெழுத்தானது. தனி வீட்டுக்காரர் இதற்கு எதிராகச் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். இந்தப் பயத்தைக் காட்டி விற்கப்படும் ஸ்டிக்கர், சிப், 'இ.எம்.பி. கவசம்' எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

17. சரி, வீட்டில் என்னதான் வச்சுக்கணும்?

பெரிய வெள்ளத்துக்கு வைப்பதையே. டார்ச், பவர் பேங்க், சில நாளைக்கு மருந்து, பேட்டரி ரேடியோ. இரண்டைப் பலரும் மறக்கிறார்கள். ஒன்று கைக்காசு: இணையம் இல்லாவிட்டால் டச் அண்ட் கோவும் கியூஆரும் ஓடாது. இன்னொன்று தண்ணீர்: பிளாட்டில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்றுவது மின்பம்பு, அது நின்றால் தொட்டி தீரும் வரைதான். இன்சுலின் போடுபவர்கள் குளிர்ப்பெட்டியும் ஐஸ் கட்டியும் தயாராக வைத்திருங்கள்.

18. முன்கூட்டியே தெரியுமா? தெரிஞ்சா டி.என்.பி. கரண்டை மொத்தமா அணைச்சு வச்சிடலாமே?

வெடிப்பு நடந்ததும் தெரியும். ஆனால் வருகிற வாயுவின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுதான் புயலின் கடுமையைத் தீர்மானிக்கிறது, தெற்கு நோக்கியிருந்தால் கடுமை. அது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் நிற்கும் விண்கலங்களைத் தொடும்போதுதான் உறுதியாகும். அங்கிருந்து நமக்கு ஏறத்தாழ 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை அவகாசம். 2024 ஜனவரி முதல் இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலமும் அங்கே காவல் நிற்கிறது. அந்தத் திட்டத்தை இயக்கியவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. பள்ளிகளில் இதைச் சொல்லும்போது பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சி.

மொத்தமாக அணைப்பது சரிவராது. முழுக் கட்டமைப்பையும் அணைத்துவிட்டு மறுபடி எழுப்பப் பல மணி நேரம் ஆகும், மருத்துவமனைகள் பாடு என்ன? 2024 மே 10 அன்று வந்தது ஐந்து படி அளவுகோலில் உச்சப்படியான ஜி5, 2003க்குப் பிறகு முதல் முறை. அமெரிக்காவில் ஜி.பி.எஸ். டிராக்டர்கள் நடவு நேரத்தில் நின்றன, லடாக்கில் செவ்வொளி தெரிந்தது. உலகின் மின்கட்டமைப்புகள் பெரிய சேதமில்லாமல் தாண்டின. எச்சரிக்கை வந்ததும் பராமரிப்புப் பணிகளை நிறுத்தி எல்லாத் தடங்களையும் சேவையில் வைப்பது, டிரான்ஸ்ஃபார்மர் சுமையைக் குறைப்பது, கையிருப்பு மின்நிலையங்களை ஓடவிட்டு வைப்பது, இவைதான் கட்டமைப்பை நடத்துபவர்களின் வழி. கியூபெக் 1989க்குப் பிறகு நீளத் தடங்களில் தொடர் மின்தேக்கிகளைப் பொருத்தியது. மாறுமின்னோட்டம் அதைக் கடந்து போகும், புயலின் ஒரே திசை மின்னோட்டம் அங்கேயே நின்றுவிடும்.